முந்தி வந்தவர் யார்?

பல பத்தாண்டுகளாகச் சென்னை விமானத்தைத் தன் மண்ணிற் காணாதிருந்த யாழ்ப்பாணம், 2019ஆம் ஆண்டு ஒக்டோபர் 17ஆம் திகதி, பலாலியில் அலயன்ஸ் எயார் விமானத்தை வரவேற்றது. அன்று திறந்துவைக்கப்பட்ட சர்வதேச விமான நிலையத்தைப் பற்றியும், வந்திறங்கிய பிரமுகர்களைப் பற்றியும் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. விமானத்தை ஓட்டிவந்த இருவரைப் பற்றி எழுதியவர் அரிது. ஏறக்குறைய எழுபது பேர் அமரத்தக்க அந்த விசிறி விமானத்தின் முன்னறையிலிருந்து இருவர் இறங்குவர். இருவருக்கும் ஒரே வெள்ளைச் சட்டை, ஒரே கறுத்தக் காற்சட்டை. தோளிலே மட்டும் ஒருவருக்கு நான்கு பொற்பட்டிகள், மற்றவருக்கு மூன்று. நான்கு உடையவர் கப்டன். மூன்று உடையவர் துணை விமானி.

இந்த மூன்றுக்கும் நான்குக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு? பார்ப்பவருக்கு அரை அங்குலம். அணிந்திருப்பவருக்கோ ஆறு ஆண்டு, பத்து ஆண்டு, சிலருக்கு அதற்கும் மேல். அந்த ஆண்டுகளை அளக்கும் கோலைப் பற்றியே இவ்வாரம் நேயர்களுடன் பேச விரும்புகிறோம். "விமானியின் தொல்லை நமக்கேன்?" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உத்தியோக இடாப்பிலே தன் பெயருக்கு மேல் எத்தனை பெயர்கள், கீழ் எத்தனை பெயர்கள் என்று எண்ணிப் பார்த்த ஒருவராவது இல்லாத குடும்பம் நம் குடாநாட்டில் உண்டோ?

விமானக் கம்பனிகளிலே சேவை மூப்பு என்பது நம் கந்தோர்களில் உள்ளதைக் காட்டிலும் பன்மடங்கு வலிமை உடையது. விமானி சேர்ந்த அன்றே அவருக்கு ஓர் எண் வழங்கப்படுகிறது. மேலே உள்ளவர் இளைப்பாறினால் அந்த எண் ஒரு படி ஏறும். எப்பொழுது கப்டன் ஆவது, எந்த விமானத்துக்குப் பயிற்சி பெறுவது, சென்னையில் இருப்பதா டில்லிக்குப் போவதா, தீபாவளிக்கு வீட்டில் இருப்பதா ஆகாயத்தில் இருப்பதா, கம்பனி நொடிந்தால் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுவது யார் என்பன யாவும் பெரும்பாலும் அந்த எண்ணையே பொறுத்தவை. கப்டனாக இயங்குவதற்கான உரிமப் பத்திரம் பெறச் சட்டம் கேட்பது 1500 மணி நேரப் பறப்பு. சுறுசுறுப்பான துணை விமானி மூன்று நான்கு ஆண்டுகளில் அதனை எட்டிவிடுவார். தகுதி வந்துவிடும், பதவி வராது. மேலே வெற்றிடம் தோன்றும் வரை அவர் காத்திருக்கவேண்டும்.

இதனிலும் கொடியது ஒன்றுண்டு. வைத்தியர் ஓர் ஆஸ்பத்திரியை விட்டு மற்றொன்றுக்குப் போனால் தம் அநுபவத்தையும் உடன் கொண்டுபோகிறார், கணக்காளரும் அப்படியே. விமானியோ, பெரும்பாலான கம்பனிகளில், இருபது ஆண்டு பறந்தவராயினும் புதிய இடத்திற் புகும்பொழுது இடாப்பின் அடியிலேதான் பெயர் எழுதுவார். ஆதலால் அவர் எளிதில் கம்பனி மாறுவதில்லை. பொறுமையாகப் படியேறுகிறார். அவ்வாறு பாதி ஏறியவரிடம், "நமது கம்பனியும் பக்கத்துக் கம்பனியும் இன்று முதல் ஒன்று" என்று சொன்னால் என்ன நிகழும்? ஏணி இரண்டு, ஏறியவர் இரு கூட்டத்தார், இனி ஏணி ஒன்றே. யார் எந்தப் படியில் நிற்பது?

பங்குக் கிணற்றில் நீர் இறைத்து வளர்ந்த நமக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. துலா மிதித்த காலத்திலே இன்னாருக்குத் திங்கள் காலை, இன்னாருக்கு வியாழன் மாலை என்று முறை வகுத்திருந்தனர். உறுதியில் எழுதிய அந்த முறைக்காக நீதிமன்றம் ஏறியவர்களும் உண்டு. இரண்டு கிணறுகளைத் தூர்த்து ஒன்றாக வெட்டினால் முறை யாருடையது முன்னே என்ற கேள்வி அன்றே பிறக்கும். 1958ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி இலங்கைப் போக்குவரத்துச் சபை அமைந்தபோது, தனித்தனிக் கம்பனிகளில் வேலை செய்த சாரதிகளும் கொண்டக்டர்மாரும் ஒரே சபையின் ஊழியராயினர். 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது, மிஷன் பள்ளி ஆசிரியரும் சைவப் பள்ளி ஆசிரியரும் ஒரே அரசின் கீழ் வந்தனர். ஆனால் பஸ் சாரதியும் ஆசிரியரும் மேலே ஏறாவிட்டாலும் தம் வேலையைச் செய்துகொண்டிருக்கலாம். விமானிக்கு மேலே ஏறுவதே வேலையின் பாதி.

இந்த வழக்கின் பெரிய உதாரணம் நமக்கு அண்மையிலேதான் நடந்தது. பலாலிக்கு வந்த அலயன்ஸ் எயாரும் அந்தக் குடும்பத்திற் பிறந்ததே. 1953ஆம் ஆண்டு இந்திய அரசு தனியார் விமானக் கம்பனிகளைத் தேசியமயமாக்கி இரண்டு கூட்டுத்தாபனங்களை உண்டாக்கிற்று. கடல் கடந்து பறப்பது எயார் இந்தியாவின் பொறுப்பாயிற்று. எட்டுக் கம்பனிகளைச் சேர்த்து அமைத்த இந்தியன் எயார்லைன்ஸ் உள்நாட்டையும் அண்டை நாடுகளையும் பார்த்துக்கொண்டது. அண்ணன் தம்பியர் போல இரண்டும் ஐம்பத்து நான்கு ஆண்டுகள் வேறு வேறு அடுப்பில் உலை வைத்தன. ஒருவர் வீட்டுச் சம்பளம் வேறு, மற்றவர் வீட்டுச் சம்பளம் வேறு, விமானம் வேறு, விமானிகளின் சங்கமும் வேறு. எயார் இந்தியா விமானிகளுக்கு இந்தியன் பைலட்ஸ் கில்ட். இந்தியன் எயார்லைன்ஸ் விமானிகளுக்கு இந்தியன் கொமர்ஷல் பைலட்ஸ் அசோசியேஷன்.

2007ஆம் ஆண்டு இவ்விரண்டையும் அரசு ஒன்றாக்கிற்று. புதிய பெயர் வந்தது. விமானங்களுக்குப் புதிய வர்ணம் வந்தது. ஒரே தலைவர் வந்தார். விமானிகளின் இடாப்பு மட்டும் ஒன்றாகவில்லை. சம்பள விதிகளும் ஒன்றாகவில்லை. கலியாணம் முடித்து, பந்தல் பிரித்து, விருந்தினரை அனுப்பிவிட்டு, நான்கு ஆண்டு கழித்துச் சீதனப் பேச்சைத் தொடங்கியது போன்றது இது. அந்த நான்கு ஆண்டுகளிலே கம்பனியின் நட்டமும் ஏறியது, இரு பகுதியாரின் மனக்கசப்பும் ஏறியது.

முதலில் வெடித்தது தம்பி வீடு. 2011ஆம் ஆண்டு ஏப்ரல் மாத இறுதியில் பழைய இந்தியன் எயார்லைன்ஸ் விமானிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஒரே கம்பனி என்று சொல்லிவிட்டு ஒரே வேலைக்கு இரண்டு சம்பளமா என்பது அவர்கள் கேள்வி. பத்து நாள் நீடித்த அந்த நிறுத்தம் மே 6ஆம் திகதி முடிந்தது. இரு வீட்டு ஊழியர்களையும் எவ்வாறு பொருத்துவதென ஆராய, உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி தர்மாதிகாரி அவர்களின் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. 2012ஆம் ஆண்டின் தொடக்கத்தில் குழு அறிக்கை கொடுத்தது.

அறிக்கையின் மை உலருமுன் அண்ணன் வீடு வெடித்தது. இம்முறை வழக்கு சம்பளத்தைப் பற்றியதன்று. ட்ரீம்லைனர் என்று பெயர் பெற்ற போயிங் 787 என்னும் புதிய பெரிய விமானத்தைப் பற்றியது. இணைப்புக்கு முன்பே எயார் இந்தியா இருபத்தேழு ட்ரீம்லைனர்களுக்குக் கட்டளை கொடுத்திருந்தது. அவை வந்து சேரும் காலம் நெருங்கியபோது, யாரைப் பயிற்சிக்கு அனுப்புவது என்ற கேள்வி எழுந்தது. இரு பகுதி விமானிகளையும் அனுப்ப நிர்வாகம் முடிவு செய்தது. வழக்கு நீதிமன்றங்களுக்கு ஏறி இறங்கியது.

இருதரப்பு நியாயத்தையும் சற்று நிதானமாகக் கேட்போம். ஏனெனில் இரண்டும் நியாயமே.

எயார் இந்தியா விமானிகளின் நியாயம் இது. எங்கள் கம்பனி பெரிய விமானங்களை ஓட்டுவது. பெரிய விமானங்கள் எண்ணிக்கையிற் குறைந்தவை. ஆதலின் கப்டன் பதவிகளும் குறைந்தவை. நாங்கள் ஏறக்குறையப் பத்து ஆண்டு துணை விமானியாகவே இருந்து முறைக்காகக் காத்திருக்கிறோம். சிறிய விமானங்கள் பல வைத்திருக்கும் அவர்களோ ஆறு ஏழு ஆண்டில் கப்டன் ஆகிவிடுகிறார்கள். ஒரே ஆண்டிலே சேர்ந்த இருவரில் அவர் கப்டன், நான் துணை விமானி. இப்பொழுது எங்கள் வீட்டுக்கென வாங்கிய பெரிய விமானத்திலும் அவர் வந்து கப்டனாக அமர்ந்தால், நான் என் வீட்டிலேயே அவர் பக்கத்தில் எடுபிடியாக இருப்பதா? பத்து ஆண்டு நான் காத்த வாசலில் அவர் பக்கத்து வழியால் நுழைவதா?

இந்தியன் எயார்லைன்ஸ் விமானிகளின் நியாயமும் கேட்கத்தக்கது. கட்டளை கொடுத்த பெயர் எதுவாயினும், விமானம் வந்து சேர்ந்தது ஒன்றான கம்பனிக்கு. கடன் ஏறியது ஒன்றான கம்பனியின் தலையில். நட்டத்தில் எங்களுக்குப் பங்கு உண்டு, நல்ல விமானத்தில் பங்கு இல்லையா? நாங்கள் கப்டன் ஆனது எவர் தயவாலும் அன்று. மழையிலும் மூடுபனியிலும் ஒரு நாளைக்கு நான்கு முறை ஏறி இறங்கிச் சம்பாதித்தது. அந்தப் பட்டியைக் கழற்றிவிட்டு மீண்டும் மூன்று பட்டியுடன் இருக்கச் சொல்வது எந்தத் தர்மம்?

இவ்விரண்டையும் ஒரே தராசில் வைத்துத் தீர்ப்புச் சொல்ல வல்லவர் சொல்லட்டும். நமக்குத் தோன்றுவது வேறொன்று. சேர்ந்த திகதியைக் கொண்டு வரிசைப்படுத்தினால், விரைவாகக் கப்டன் ஆன இளைஞர் துணை விமானிகளுக்குக் கீழே விழுவார். பதவியைக் கொண்டு வரிசைப்படுத்தினால், நெடுநாள் காத்திருந்தவர் பின் வந்தவருக்குக் கீழே விழுவார். ஒருவர் சேவித்த காலத்தைக் கொண்டுவருகிறார். மற்றவர் அடைந்த பதவியைக் கொண்டுவருகிறார். கொத்தாலும் முழத்தாலும் அளந்த இரண்டு பொருள்களை ஒரே கணக்கிற் கூட்டுவது எப்படி? ஆகவேதான் இது இணைப்புக்குப் பின் அல்ல, முன் பேசித் தீர்க்கவேண்டிய காரியமாயிற்று. முன்னே பேசியிருந்தால் ஒவ்வொரு பகுதியாருக்கும் "அப்படியானால் இணைய வேண்டாம்" என்று சொல்லும் வலிமை ஓரளவேனும் இருந்திருக்கும். பின்னே பேசும்போது விமானிக்கு எஞ்சும் வலிமை வேலைநிறுத்தம் ஒன்றே.

அதுவே நடந்தது. 2012ஆம் ஆண்டு மே மாதம் எட்டாந் திகதியளவில் எயார் இந்தியா விமானிகள் பலர் ஒருமித்துச் சுகவீன லீவில் நின்றனர். அத்தனை பேருக்கும் ஒரே நாளில் எந்தக் காய்ச்சல் வந்தது என்று கேட்டுச் சிரித்தவர்களும் உண்டு. சிரிப்பு விரைவில் அடங்கியது. டில்லி உயர் நீதிமன்றம் நிறுத்தத்தைச் சட்டவிரோதம் என்றது. சங்கத்தின் அங்கீகாரம் நீக்கப்பட்டது. நூற்றுவருக்குக் குறையாத விமானிகள் வேலையிலிருந்து விலக்கப்பட்டனர். கோடை விடுமுறைக் காலம். ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் செல்லவேண்டிய விமானங்கள் தரையில் நின்றன. டிக்கெற் வாங்கிய குடும்பங்கள் விமான நிலையங்களில் மூட்டை முடிச்சுடன் கிடந்தன. ஐம்பத்தெட்டு நாள்களின் பின், ஜூலை முதல் வாரத்தில், நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு விமானிகள் வேலைக்குத் திரும்பினர். கம்பனி இழந்தது பல நூறு கோடி ரூபா. ட்ரீம்லைனர் செப்டெம்பர் மாதத்தில் வந்தது.

இலட்சக் கணக்கிற் சம்பளம் வாங்குபவருக்கு இத்தனை அழுகையா என்று நம்மவரிற் பலர் கேட்பர். கேள்வி பிழையன்று. பயணியின் கோபத்திலும் பிழையில்லை. ஆனால் அழுகை பணத்துக்காக மட்டுமன்று என்பதைக் கவனிக்க வேண்டும். சம்பளத்தில் குறைத்ததைப் பின்னர் நிலுவையாகக் கொடுத்துவிடலாம். நாற்பத்தைந்தாம் வயதில் துணை விமானியாகக் கழிந்த ஆண்டை எந்தக் கணக்காளர் திருப்பிக் கொடுப்பார்? பெரிய விமானக் கம்பனிகளில் விமானி பறக்கக்கூடிய வயதுக்கு உலக நியதியே எல்லை விதித்திருக்கிறது. அறுபத்தைந்துக்கு மேல் பறக்க முடியாது. முடிவு நாள் நகராது. இடையில் வரிசை பின்னே தள்ளப்பட்டால், தள்ளப்பட்ட அளவு கப்டன் வாழ்விலே குறையும்.

வீட்டில் இருப்பவர்களை இந்த எண் எவ்வாறு தொடுகிறது என்பதையும் பார்க்கவேண்டும். மகனின் விமானப் பயிற்சிக்காகக் காணியை ஈடு வைத்த தகப்பன், இன்ன ஆண்டில் மகன் கப்டன் ஆவான், இன்ன ஆண்டில் காணி மீளும் என்று விரலில் எண்ணி வைத்திருப்பார். மருமகள் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை எண்ணி இருப்பாள். மூப்பு உயர்ந்தால் சொந்த ஊருக்கு மாற்றம் கேட்கலாம் அல்லவா! ஒரு காலைப் பொழுதில் எங்கோ ஒரு சபையறையிற் கைச்சாத்திட்ட கடதாசி, அந்தக் கணக்கை எல்லாம் ஐந்து ஆண்டு பின்னே தள்ளிவைக்கிறது. இந்தியாவில் பெண் விமானிகளின் விகிதம் உலகின் பல நாடுகளைக் காட்டிலும் கூடியது. கணவன் ஒரு கம்பனியிலும் மனைவி மற்றதிலும் பறக்கும் வீட்டில், இரண்டு இடாப்பும் ஒன்றாகும்போது யார் யாருக்கு மேல் என்பது உணவு மேசையிலே வந்து அமரும். நல்ல வேளையாக, அந்த வழக்கை விசாரிக்க எந்த நீதிமன்றமும் முன்வரவில்லை.

இந்தியாவுக்கே உரிய நோய் இது என்று எண்ணிவிடக்கூடாது. சட்டமும் சங்கமும் வலுத்த அமெரிக்காவில் இதனிலும் நீண்ட சண்டை நடந்தது. 2005ஆம் ஆண்டு யூ.எஸ். எயர்வேஸ் என்னும் பழைய கம்பனியும் அமெரிக்கா வெஸ்ற் என்னும் இளைய கம்பனியும் இணைந்தன. பழையது வங்குரோத்திலே கிடந்தது. அதன் விமானிகள் பலர் பல்லாண்டு சேவைக்குப் பின் வேலை இழந்து, மீள அழைக்கும் நாளை எதிர்பார்த்திருந்தனர். இளைய கம்பனியின் விமானிகள் வயதிற் சிறியவர்கள். ஆயினும் வேலையில் இருந்தவர்கள். ஒரு பகுதியாரைக் கிழக்கார் என்றும் மறு பகுதியாரை மேற்கார் என்றும் அழைத்தனர். பேச்சு முறிந்தது. நிக்கொலாவ் என்னும் நடுத்தீர்ப்பாளரிடம் வழக்குப் போயிற்று.

2007ஆம் ஆண்டு அவர் அளித்த தீர்ப்பு, பெரிய விமானங்களை ஓட்டிய கிழக்கு மூத்தோர் ஏறக்குறைய ஐந்நூற்றுவரை இடாப்பின் தலையில் வைத்தது. நடுவில் இரு பகுதியாரையும் விகிதப்படி கோத்தது. இணைப்பு நாளில் வேலை இழந்திருந்த கிழக்காரை அடியில் வைத்தது. இதன் பலனாகப் பதினேழு ஆண்டு சேவை உடைய ஒருவர், சில மாதமே சேவித்த இளைஞருக்குக் கீழே நிற்க நேர்ந்தது. கிழக்கார் கொதித்தெழுந்தனர். எண்ணிக்கையில் அவர்களே பெரும்பான்மையோர். பழைய சங்கத்தை வாக்கெடுத்து நீக்கிவிட்டு 2008இல் புதிய சங்கம் நிறுவினர். சேர்ந்த திகதியே வரிசை என்பது அச்சங்கத்தின் வேதவாக்கு. மேற்கார் நீதிமன்றம் ஏறினர். நடுத்தீர்ப்பு நடுத்தெருவில் நின்றது. ஒரே கம்பனியின் விமானிகள் ஆண்டுக் கணக்கில் இரண்டு இடாப்பில், இரண்டு ஒப்பந்தத்தில் பறந்தனர். கிழக்கார் வங்குரோத்துக் காலத்துக் குறைந்த சம்பளத்திலேயே நின்றதும் அதனால்தான். வரிசையில் விட்டுக்கொடுக்க மனமில்லாமல் சம்பள உயர்வைத் தாமே தள்ளிப்போட்டவர்களை நாம் வேறெங்கும் கண்டதில்லை. வேலி வழக்கில் காணியின் விலையைச் சட்டத்தரணிக்குக் கொடுத்த நம்மூர் உறவினர் சிலரை நேயர்கள் நினைத்துக்கொண்டால் அதற்கு நாம் பொறுப்பல்லோம்.

அந்தக் கிழக்காரில் ஒருவரை உலகம் அறியும். 2009ஆம் ஆண்டு சனவரி 15ஆம் திகதி நியூயோர்க்கில் பறவைகள் மோதி இரு இயந்திரங்களும் செயலிழந்த விமானத்தை ஹட்சன் நதியில் இறக்கி, அதில் இருந்த 155 பேரையும் உயிருடன் காப்பாற்றிய கப்டன் சலன்பேகர் அவரே. அடுத்த மாதம் அமெரிக்கக் காங்கிரஸின் முன் சாட்சி சொன்னபோது, தம் சம்பளம் நூற்றுக்கு நாற்பது குறைக்கப்பட்டதையும், ஓய்வூதியம் பறிபோனதையும் அவர் எடுத்துரைத்தார். அவர் அருகில் அன்று இருந்த துணை விமானி ஸ்கைல்ஸ் பற்றி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவர் முன்னர் கப்டனாக இருந்தவர். கம்பனி ஆட்குறைப்புச் செய்தபோது இடாப்பில் தம் எண் போதாமையால் மீண்டும் துணை விமானி ஆனவர். பதினைந்தாயிரம் மணி நேரத்துக்கு மேற் பறந்த அவருக்கு அந்த வகை விமானத்தில் அப்பொழுது நாற்பது மணி நேரம்கூட ஆகவில்லை. விமானம் நதியை நோக்கி இறங்கிய அந்தச் சில நிமிடங்களில், மூன்று பட்டி அணிந்த ஆசனத்தில் ஒரு கப்டன் இருந்தார் என்பது பயணிகளின் பாக்கியம்.

அமெரிக்காவிலே இதற்கு முன் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுவோம். 2001ஆம் ஆண்டு அமெரிக்கன் எயர்லைன்ஸ், நொடிந்துபோன ரி.டபிள்யூ.ஏ. கம்பனியை வாங்கியபோது, வாங்கப்பட்ட கம்பனியின் விமானிகளிற் பெரும்பாலோரையும் விமானப் பணிப்பெண்கள் அனைவரையும் தன் இடாப்பின் அடியில் ஒட்டிவிட்டது. அவ்வாண்டு செப்டெம்பரில் நிகழ்ந்த அநர்த்தத்தின் பின் ஆட்குறைப்பு வந்தது. அடியில் இருந்தோர் முதலிற் போயினர். முப்பது ஆண்டு சேவித்தவரும் அதில் அடக்கம். அவர்கள் வதிந்த மிசூரி மாகாணத்தின் இரு செனற்றர்கள், எதிர்க் கட்சிகளைச் சேர்ந்தவர்களாயினும் ஒன்றுகூடி, 2007இல் ஒரு சட்டம் கொண்டுவந்தனர். விமானக் கம்பனிகள் இணையும்போது இரு பகுதி ஊழியரின் மூப்பையும் நியாயமான முறையிற் சேர்க்கவேண்டும், இணக்கம் வராவிடில் நடுத்தீர்ப்புக்குப் போகவேண்டும் என்பது அதன் சாரம். நியாயம் எது என்று அச்சட்டம் வரையறுக்கவில்லை. பேசாமல் ஒட்டிவிடக் கூடாது என்று மட்டும் சொன்னது. அதுவே பெரிய காரியம்.

இத்தொழிலாரிடம் வழங்கும் உபாயம் ஒன்றுக்கு வேலி என்று பெயர். ஆங்கிலத்திலும் அந்தச் சொல்லே. இணைந்த பின்னும் இன்னின்ன விமானங்களில் இன்ன பகுதியாருக்கே இத்தனை ஆண்டு உரிமை என்று எல்லை கட்டிவிடுவர். ஆண்டு கழிந்ததும் வேலி தானே விழும். முதியோர் இளைப்பாறிவிடுவர், இளையோர் ஒன்றாகப் பழகியிருப்பர். கிடுகு வேலியின் பெருமையை உணர்ந்த யாழ்ப்பாணத்தார் இதனைக் கேட்டுப் புன்னகை செய்யலாம். எயார் இந்தியாவில் ட்ரீம்லைனருக்குச் சில ஆண்டு அப்படி ஒரு வேலியை முதலிலேயே கட்டியிருந்தால் ஐம்பத்தெட்டு நாள் மிஞ்சியிருக்கும் என்பது நம் அபிப்பிராயம்.

நம் நாட்டுக் கதை சிறியது. 1947ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் திகதி இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத் தன் முதற் சேவையை நடத்திய எயார் சிலோன், வேறொன்றுடன் இணையாமலே மூடப்பட்டது. 1979இல் எயார் லங்கா புதிதாகத் தொடங்கியது. 2016ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் மிகின் லங்கா, ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸில் அடங்கியது. சிறியது பெரியதில் அடங்குவதற்கும், சமமான இருவர் இணைவதற்கும் வேறுபாடு உண்டு. முன்னையதில் முணுமுணுப்பு, பின்னையதில் போர்.

இந்தியக் கதை அத்துடன் முடியவில்லை. 2022ஆம் ஆண்டு சனவரி 27ஆம் திகதி எயார் இந்தியா, தான் பிறந்த டாட்டா குடும்பத்துக்கே திரும்பிற்று. அலயன்ஸ் எயார் மட்டும் அரசிடம் நின்றுவிட்டது. டாட்டா குடும்பத்தில் ஏற்கெனவே வேறு கம்பனிகள் இருந்தன. அவற்றில் ஒன்று விஸ்தாரா. அதனை எயார் இந்தியாவுடன் இணைப்பதற்காக 2024இன் தொடக்கத்தில் விமானிகளுக்குப் புதிய ஒப்பந்தம் நீட்டப்பட்டது. மாதம் எழுபது மணி நேரத்துக்கு உறுதியாக இருந்த சம்பளம், நாற்பது மணி நேரத்துக்கு என்று மாறியது. மேற்பட்ட மணிக்குத் தனிக் கூலி. மீண்டும் சுகவீன லீவு! ஏப்ரல் முதல் வாரத்தில் விஸ்தாராவின் விமானங்கள் நூற்றுக்கு மேல் நிறுத்தப்பட்டன. பன்னிரண்டு ஆண்டுக்கு முன் எயார் இந்தியா விமானிகளுக்கு வந்த அதே காய்ச்சல், இப்பொழுது எயார் இந்தியாவுக்கு வரவிருந்தோரைப் பிடித்தது. மூப்பு வரிசை எவ்வாறு அமையும் என்ற அச்சமும் சம்பளத்தோடு சேர்ந்தே இருந்தது. இளைப்பாறும் வயதும் இரண்டு வீட்டில் இரண்டு. ஒன்றில் ஐம்பத்தெட்டு, மற்றதில் அறுபது.

இணைப்பு 2024 நவம்பர் 12ஆம் திகதி நிறைவேறியது. விஸ்தாரா என்ற பெயர் அன்றுடன் மறைந்தது. தாம் பழகிய சேவை எது என்பதைப் பயணிகள் அறிந்து டிக்கெற் வாங்கும்பொருட்டு, பழைய விஸ்தாரா விமானங்களுக்கு இரண்டு என்று தொடங்கும் நாலிலக்க எண் கொடுத்தார்கள். விமான நிலையத்தின் அறிவித்தற் பலகையைப் பார்த்த பயணி, இது முந்தி யாருடையது என்று ஒரு கணத்தில் தெரிந்துகொண்டார். முன்னறையில் அமர்ந்திருந்த இருவருக்கும் அன்று தெரியவேண்டியிருந்தது வேறோர் எண்.